வீட்டோடு வந்த கார்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் வீடு வாங்கியபோது, பின்வளவில் ஒரு கார் நின்றது. வீட்டை விற்றவர் அவுஸ்திரேலியாவில் இருந்த பிள்ளைகளிடம் போகும் அவசரத்தில் இருந்தார். திறப்புக் கோர்வையை என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, "அந்தக் காரையும் நீங்களே வைத்திருங்கள், அதை இழுத்துக்கொண்டு போக என்னால் முடியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு உடைந்த அலுமாரி, துருப்பிடித்த கட்டில் என்று ஏதாவது வந்து சேரும். எங்களுக்கு அமெரிக்கக் கார் ஒன்று வந்தது.

தகரக் கொட்டகைக்குள் அது நின்ற விதம் இப்போதும் கண்ணில் இருக்கிறது. நாலு ரயரும் காற்றுப் போய்த் தரையோடு படிந்திருந்தன. முன் இருக்கையின் பஞ்சுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கடற்காற்று கதவுகளின் அடிப்பக்கத்தைத் தின்றிருந்தது. ஆனால் முன்பக்கத்துக் குரோம் கம்பிகளைத் துணியால் ஒருமுறை துடைத்ததும், என் முகம் அதில் அகலமாகத் தெரிந்தது.

"இரும்புக்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துவிடுவம்" என்றார் கணவர்.

"கொஞ்ச நாள் நிக்கட்டுமன்" என்றேன்.

"இதை வைச்சு என்ன செய்யப் போறீர்?"

"தெரியேல்லை."

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராக வேலை செய்துகொண்டிருந்தேன். பாலம், மதகு, தண்ணீர்த் தொட்டி என்று முப்பது வருஷமாக வரைந்திருக்கிறேன். வரைந்தவற்றில் ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. எங்கேயோ வவுனியாவிலோ அம்பாறையிலோ யாரோ கட்டினார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தக் காரின் பொனெட்டைத் திறந்து பார்த்தபோது, வரைபடமாக மட்டும் எனக்குப் பழக்கமான பொருட்கள் உள்ளே இரும்பாகவும் பித்தளையாகவும் இருந்தன. ஒரு வயரைப் பிடித்து அது எங்கே போகிறது என்று விரலால் தேடிப் போனேன். அது டாஷ்போர்டுக்குள் போய் மறைந்தது. அடுத்த சனிக்கிழமை டாஷ்போர்டைக் கழற்றினேன். அப்படித்தான் தொடங்கியது.

மகள் படிக்க லண்டன் போவதற்கு முந்தின மாதம், இப்படிப் பழைய கார்களைத் திருத்துகிறவர்கள் இணையத்தில் கூடிக் கதைக்கும் ஒரு குழுவைக் கண்டுபிடித்துத் தந்தாள். என் பெயரைக் கேட்ட இடத்தில் இரண்டு இனிஷியலை மட்டும் அடித்தாள். நான் வரைபடங்களின் மூலையில் கையெழுத்தாக வைப்பது அந்த இரண்டு எழுத்தைத்தான். அதில் ஒரு யோசனையும் இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அமெரிக்காவிலிருந்து ஒருவர், "வாருங்கள் சகோதரரே" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "உங்கள் மனைவி ஏற்கெனவே கோபமாக இருப்பாரே" என்று பகிடி விட்டிருந்தார். திருத்தி எழுதலாம் என்று நினைத்தேன். முதல் நாளே அதைச் சொல்லி ஒரு விளக்கம் கொடுப்பது கூச்சமாக இருந்தது. பிறகு பார்ப்போம் என்று விட்டேன். அந்தப் பிறகு வரப் பதினொரு வருஷம் ஆயிற்று.

குழுவில் முதலில் நான் உதவி கேட்கிற ஆளாகத்தான் இருந்தேன். எந்த நட்டு எந்தப் பக்கம் சுழலும், இறுகிப்போன எஞ்சினுக்குள் என்ன எண்ணெயை ஊற்றி எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பேன். முகம் தெரியாத மனிதர்கள் பொறுமையாகப் பதில் எழுதுவார்கள். ஒருவர் தன் காரின் அதே இடத்தைப் படம் பிடித்து, அதன் மேல் சிவப்பு அம்புக்குறி போட்டு அனுப்புவார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களால் எனக்கு உதவ முடியவில்லை. அமெரிக்காவில் ஓடும் காருக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். என்னுடையது நம்மைப் போன்ற நாடுகளுக்கென்று கனடாவில் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு பொருத்தி அனுப்பிய வண்டி. புத்தகத்தில் இருந்த வயரிங் வரைபடம் அதற்குப் பொருந்தவில்லை. வலப்பக்கத்துக்கான படம் யாரிடமும் இருக்கவில்லை.

ஆகவே நானே வரைந்தேன். வயர்களின் நிறம் வெளியே வெளிறிப் போயிருந்தது. ஆனால் ஒவ்வொன்றின் நுனியிலும் ரப்பர் மூடிக்குள் இருந்த அரை அங்குலத்தில் பழைய நிறம் அப்படியே இருந்தது. மூடியை உரித்து, டோர்ச் அடித்துப் பார்த்து, பச்சையில் கறுப்புக் கோடு, சிவப்பில் வெள்ளைக் கோடு என்று குறித்துக்கொண்டேன். எட்டு மாதம் சனியும் ஞாயிறும் அதுவே வேலை. முடித்த படத்தைக் குழுவில் போட்டபோது, தென்னாபிரிக்காவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நன்றி வந்துகொண்டே இருந்தது. வருஷக்கணக்காகக் காரின் லைட்டை எரிய வைக்க முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். முப்பது வருஷம் கந்தோரில் இருந்ததற்கு யாரும் அப்படி எனக்கு நன்றி சொன்னதில்லை. கணவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

அவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருந்தார். செம்மறி ஆட்டுப் பண்ணைகளுக்குப் போய் இயந்திரங்கள் திருத்துவது அவருடைய தொழில். என்னிடமிருந்த அதே காரை, அதே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு, அவரும் வைத்திருந்தார். அவருடையது ஓடுகிற கார். என் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு இடத்தில் தவறு இருக்கிறது, ஹோர்னுக்குப் போகும் வயர் வலப்புறமாகச் சுற்றிப் போக வேண்டும்" என்று எழுதினார். நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திருத்தி அனுப்பினேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் இடையில் தனியாக ஈமெயில் போகத் தொடங்கியது. முதலில் கார் மட்டும். பிறகு அங்கே பெய்த பனி, இங்கே பெய்த மழை. அவர் என்னை "கிழவா" என்று கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது.

கந்தோரிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஒழுங்கையில் வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. கடைசியில் எங்கள் வீட்டையும் கட்டடக்காரரிடம் கொடுத்தோம். நாலாம் மாடியில் எங்களுக்கு ஒரு பிளாட் கிடைக்கும் என்பது பேச்சு. கொட்டகை போனது. காருக்கு இடம் தேட வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையில் லொறி திருத்துகிற கராஜ் வைத்திருந்த ஒருவரை, என் பழைய கந்தோர்ச் சாரதி அறிமுகப்படுத்தினார். கராஜில் எல்லோரும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். பேசுவதற்கு முன் நன்றாக யோசிப்பார். கார் லொறியில் வந்து இறங்கியதும் அதைச் சுற்றி இரண்டுதரம் நடந்தார். குனிந்து கீழே பார்த்தார்.

"மிஸ், இதை யாருக்குச் செய்றீங்க? விக்கவா?"

"இல்லை. எனக்குத்தான்."

"மிஸ் ஓட்டுவீங்களா?"

"ஓம்."

இன்னும் ஒருதரம் சுற்றி நடந்தார். "எஞ்சினை நான் ஓட வைக்கலாம் மிஸ். ஓடுறது லேசு. நிப்பாட்டுறதுதான் பாடு. இந்தப் பிரேக்குக்கு ஒரு தண்டு போகுது பாருங்க, குறுக்கால. அது உக்கிப் போச்சு."

அவர் சொன்ன தண்டு வலப்பக்க ஸ்டீயரிங் கார்களுக்கு மட்டும் உரியது. பிரேக் மிதி வலப்பக்கம். பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற பாகமோ இடப்பக்கமே இருந்துவிட்டது. மிதிக்கிற விசையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோவது அந்தக் குறுக்குத் தண்டுதான். எங்களுடையதில் நடுவில் கைப்பிடி அளவு துண்டைத் துரு தின்றுவிட்டது. மிச்சத்தை வைத்து அளவு எடுக்கவும் முடியவில்லை. பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாஸ் தேடினார். இப்படி ஒரு சாமானை அங்கே யாரும் பார்த்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்தன. பேச்சுக் குழறியது. கார் கராஜின் மூலையில் படங்கு போர்த்தபடி நின்றது. நாங்கள் புது பிளாட்டில் குடியேறிய முதல் வருஷம் முழுக்க, நான் அவருக்குச் சாப்பாடு ஊட்டி, குளிப்பாட்டி, கதிரையில் இருத்திக் கடல் தெரியும் ஜன்னலடிக்குத் தள்ளிப் போனதுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

அப்போது நியூசிலாந்துக்காரரிடமிருந்து ஒரு நீண்ட ஈமெயில் வந்தது. அவருடைய மனைவிக்கு மறதி நோய் வந்து இரண்டு வருஷமாகிறது என்று அதில்தான் முதன்முதலாகச் சொன்னார். வீட்டில் அவரே பார்த்துக்கொள்வதாகவும், மனைவியைக் குளிப்பாட்டும்போது அந்தம்மா யாரோ அந்நியன் தன்னைத் தொடுவதாக நினைத்துக் கத்துவதாகவும் எழுதியிருந்தார். "சில நாட்களில் எனக்குக் கோபம் வருகிறது. பிறகு கொட்டகைக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்திருப்பேன். இதை ஒரு ஆண் இன்னொரு ஆணிடம்தான் சொல்ல முடியும்" என்று முடித்திருந்தார்.

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். பிறகு உள்ளதை எழுதினேன். என் வீட்டிலும் இதே நிலைமைதான், நானும் குளிப்பாட்டுகிறேன், எனக்கும் கோபம் வருகிறது, உட்கார ஒரு கார்கூட இப்போது பக்கத்தில் இல்லை என்று. யாரைக் குளிப்பாட்டுகிறேன் என்று எழுதவில்லை. அவர் விளங்கிக்கொள்ள வேண்டிய மாதிரியே விளங்கிக்கொண்டார். அடுத்த ஈமெயிலின் கடைசியில், "உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்" என்று இருந்தது.

அதை வாசித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. "என்ன?" என்று கணவர் ஜன்னலடியிலிருந்து கேட்டார். அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. ஏதோ செய்கிறதாக்கும் என்று பயந்து எழும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வருத்தம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்த முதல் தடவை அது.

"அப்ப அவருக்கு… நான்தான் உம்மட மனிசி" என்றார்.

"சொல்லிப்போடட்டோ?"

"வேண்டாம். விடும். நல்லா எழுதுறார் மனுசன். நீர் பொம்பிளை எண்டு தெரிஞ்சா… இப்பிடி எழுத மாட்டார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈமெயில் வரும்போதும், "என்ர சுகம் கேட்டவரோ?" என்று அவர் விசாரிப்பார். கேட்டிருந்தால் அந்த வரியைத் தனியே இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்வார். ஒருதரம், மனைவிக்குப் பூ பிடிக்குமென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி அந்த மனிதர் எழுதியிருந்தார். சந்தைக்குப் போன நேரம் ஒரு கட்டு மஞ்சள் செவ்வந்தி வாங்கி வந்து வைத்தேன். கணவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்த மூன்று வருஷமும் கஷ்டமான காலம்தான். ஆனாலும் இப்போது திரும்பிப் பார்க்கையில் நான் தேடுவது அந்தப் பின்னேரங்களைத்தான்.

கணவர் ஒரு விடிகாலையில் நித்திரையிலேயே போய்விட்டார். மகள் வந்தாள். சனம் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, மகளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த அன்று கணினியைத் திறந்தேன். நியூசிலாந்துக்காரர் நாலு ஈமெயில் அனுப்பியிருந்தார். கடைசியாக வந்ததில், "நீ ஏன் பதில் எழுதவில்லை, உன் மனைவிக்கு ஏதும் நடந்துவிட்டதா" என்று கேட்டிருந்தார்.

என் கணவருக்கு மனைவி என்று பெயர் போட்டு ஒரு மரணச் செய்தியை எழுத என்னால் முடியவில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை அது எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு விளையாட்டு. இப்போது எழுதினால் அது பொய். ஆகவே, என் கணவர் காலமாகிவிட்டார், நான் ஒரு பெண், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூன்று வரி எழுதி அனுப்பினேன்.

ஒரு கிழமை பதில் இல்லை. இரண்டு கிழமை இல்லை. குழுவில் அவர் மற்றவர்களுக்குப் பதில் எழுதுவது தெரிந்தது. எனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு மனிதர் தன் வீட்டின் குளியலறை வரை என்னை நம்பிக் கூட்டிப் போயிருக்கிறார். நான் வேறொருவராக நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் கோபிப்பது நியாயம் என்று எனக்கே பட்டது. கணவரை இழந்த துக்கத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லக்கூடிய துக்கமாகவும் அது இருக்கவில்லை. கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கலாம்.

ஆறு கிழமை கழித்துத் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அவருடைய காரின் குறுக்குத் தண்டின் படங்கள். நீளம், விட்டம், இரண்டு முனையிலும் உள்ள பித்தளை வளையங்களின் தடிப்பு எல்லாம் பேனாவால் எழுதியிருந்தது. முன்னொரு நாள் நான் கேட்டிருந்த அளவுகள் அவை. கடிதம் அரைப் பக்கம்தான். "இதை வைத்து ஒழுங்கான ஒரு படம் வரைந்து அனுப்புங்கள். என்னிடம் லேத் இருக்கிறது. நான் செய்து தருகிறேன்." கடைசியில் ஒரு வரி: "நான் சொல்லிவிட்ட அன்பெல்லாம் உங்கள் கணவரிடம் போய்ச் சேர்ந்ததா?"

ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்தது, வாசித்துக் காட்டினேன், செவ்வந்திப் பூவும் வைத்தேன் என்று பதில் எழுதினேன். பிறகு மேசையைத் துடைத்து, தாளை விரித்து, தண்டை வரைந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் அவ்வளவு கவனமாக வரைந்தது அது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் வெளியிலிருந்து சாமான் வருவிப்பது நாட்டில் பெரும்பாடாக இருந்தது. பெற்றோலுக்குச் சனம் நாட்கணக்கில் வரிசையில் நின்றது. குழுவில் இருந்தவர்கள் செய்தியைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். ஓடாத காரை வைத்திருப்பதால் எனக்குப் பெற்றோல் கவலை இல்லை என்று பதில் போட்டேன். நிலைமை கொஞ்சம் சீரான பிறகு ஒரு நாள் அவர் எழுதினார். மனைவியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டாராம். அவர் களைத்துப் போனதைப் பார்த்து மகள் ஒரு கப்பல் பயணத்துக்கு ரிக்கற் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கப்பல் கொழும்பில் ஒரு பகல் நிற்கும். தண்டைக் கையோடு கொண்டுவருவதாக எழுதியிருந்தார்.

பாஸிடம் சொன்னேன். எஞ்சினை அவர் அதற்குள் ஓட வைத்து, புது ரயரும் போட்டிருந்தார்; பிரேக் ஒன்றுதான் மிச்சம். "கப்பல்ல வர்றாரா? அப்ப நமக்குக் கிட்ட மிஸ். கொச்சிக்கடைல இறங்கினா நடந்தே வந்துறலாம்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கராஜைக் கூட்டணும்" என்றார்.

நான் காலை எட்டு மணிக்கே துறைமுக வாசலில் நின்றேன். அடையாளத்துக்கு வரைபடச் சுருளைக் கையில் வைத்திருப்பேன் என்று எழுதியிருந்தேன். அவரை உயரமான மனிதராக மனதில் வைத்திருந்தேன். வந்தவர் என் உயரம்தான். தொப்பி, அரைக்கை சேர்ட், தோளில் ஒரு நீளமான கன்வஸ் பை. வாசலில் நின்ற அதிகாரி அந்தப் பையைத் திறக்கச் சொன்னார். பழைய துவாயில் சுற்றிய இரும்புத் தண்டை வெளியே எடுத்து, "மே மொகக்த?", இது என்ன என்று கேட்டார். வந்தவர் விழித்தார். நான் கிட்டப் போய்ச் சிங்களத்தில், பழைய கார் ஒன்றின் பிரேக் சாமான் என்று சொன்னேன். என்ன கார் என்று கேட்டார். சொன்னேன். அதிகாரி தண்டை இரண்டு கையிலும் ஏந்தி ஒருதரம் பார்த்தார். தன் பாட்டனாரிடமும் அப்படி ஒரு கார் இருந்தது என்று சொல்லிவிட்டு, தானே அதைத் துவாயில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நாங்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். பத்துப் பன்னிரண்டு வருஷம் எழுதிய ஆட்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். "நான் உங்களைக் கிழவா என்று கூப்பிட்டிருக்கிறேன்" என்றார்.

"இப்போதும் கூப்பிடலாம்" என்றேன்.

கோவிலுக்கோ கடற்கரைக்கோ கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் கார்தான் வேண்டும். ஆட்டோவில் ஐந்து நிமிஷத்தில் கராஜுக்குப் போனோம். பாஸ் தண்ணீர் தெளித்துக் கூட்டி வைத்திருந்தார். படங்கை எடுத்ததும் அவர் காரைத் தொடாமல் சுற்றி வந்தார், பாஸ் முதல் நாள் செய்தது போலவே. பிறகு சேர்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பெனியனோடு காருக்கு அடியில் போய்ப் படுத்தார். பாஸும் மறுபக்கத்தால் உள்ளே போனார். ஒருவருக்குத் தமிழும் சிங்களமும். மற்றவருக்கு ஆங்கிலம். நான் பக்கத்தில் குந்தியிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. கையை நீட்டினால் மற்றவர் சரியான ஸ்பானரை வைத்தார்.

தண்டு ஒரு முனையில் எண்ணெய் போட்டது போலப் போய் இருந்தது. மறுமுனையில் ஒரு முடி அளவு இறுக்கம். நியூசிலாந்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் படத்தை விரித்துப் பார்த்தேன். அளவு சரி. பாஸ் எமரித் தாளைச் சுருட்டி வளையத்துக்குள் விட்டுப் பத்து நிமிஷம் தேய்த்தார். அடுத்த தடவை போய்ப் பொருந்தியது.

பிறகு நான் சாரதி இருக்கையில் ஏறிப் பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது, குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்ற. கீழேயிருந்து பாஸ், "அமத்துங்க மிஸ்… பிடிச்சிக்கிட்டே இருங்க… விடுங்க" என்பார். அதையே மற்றவர் ஆங்கிலத்தில் சொல்வார். நாலு சக்கரத்துக்கும் நூறு தடவைக்கு மேல் மிதித்திருப்பேன். முதலில் மிதி பஞ்சு போலத் தரைவரை போனது. கடைசியில் பாதியிலேயே கல் மாதிரி நின்றது.

மத்தியானம் சோற்றுப் பார்சல் எடுப்பித்தோம். பாஸ் கை கழுவப் போயிருந்த நேரத்தில் அவர் சொன்னார்.

"அந்த ஆறு கிழமையும் எனக்குக் கோபம்தான். உங்களுக்கு நான் எழுதியதையெல்லாம் திரும்ப எடுத்து வாசித்தேன், எவ்வளவு வெட்கப்பட வேண்டும் என்று பார்க்க."

"எவ்வளவு?"

"நிறைய. பிறகு நீங்கள் எழுதியதை வாசித்தேன். குளிப்பாட்டுவதைப் பற்றி எழுதியதை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்கவில்லை." சோற்றைக் கரண்டியால் ஒதுக்கினார். "அந்தக் காலத்தில் என்னோடு அதைக் கதைக்க வேறு ஆள் இருக்கவில்லை."

எனக்கும் இருக்கவில்லை என்று சொன்னேன். பாஸ் வந்துவிட்டார். மீன் குழம்பு உறைப்பா என்று கேட்கச் சொன்னார்.

மூன்று மணிக்குக் காரை வெளியே எடுத்தோம். பாஸ்தான் ஓட்டுவார் என்று வந்தவர் நினைத்திருந்தார் போல. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் மறுபக்கம் ஏறினார். பாஸ் பின்னால். கொட்டாஞ்சேனைத் தெருக்களுக்கு அந்தக் கார் அளவுக்கு மீறிய அகலம். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கொச்சிக்கடைக்கு இறங்கும் இடத்தில் வத்தளைப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று, கையைக் காட்டியும் காட்டாமலும் எனக்கு முன்னால் வெட்டியது. நான் முழுப் பலத்தோடு மிதித்தேன். கார் நின்றது. பஸ்ஸுக்கும் எங்கள் குரோமுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும்.

"நிண்டிருச்சி மிஸ்" என்றார் பின்னாலிருந்து பாஸ், மெதுவாக.

எஞ்சினும் கூடவே நின்றுவிட்டது. எத்தனை தரம் திருகியும் பிடிக்கவில்லை. பின்னால் ஹோர்ன் சத்தம். கோவிலுக்கு வந்த சனமும், பண்டகசாலையில் மூட்டை இறக்குகிறவர்களுமாக ஏழெட்டுப் பேர் கேட்காமலே வந்து தள்ளினார்கள். நியூசிலாந்துக்காரரும் இறங்கிக் கதவடியில் தோளைக் கொடுத்தார். ஓரமாக நிறுத்திய பிறகு மணியைப் பார்த்தார். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் கிட்டிவிட்டது. பாஸ் பொனெட்டைத் திறந்து அதற்குள் தலையை விட்டிருந்தார். கிரீஸ் கையோடு அவர் பாஸின் முதுகில் தட்டினார். எனக்குக் கை கொடுத்தார். துறைமுக வாசல்வரை கூடவே போகிறேன் என்றேன். "காரை விட்டுவிட்டு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். சேர்ட்டின் முதுகில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தது. கூட்டத்துக்குள் தொப்பி கொஞ்ச நேரம் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் எழுதியவற்றில் ஒரு மரியாதை வந்துவிட்டது. சுகம் விசாரிப்பார், வானிலை சொல்வார், பாஸைக் கேட்டதாகச் சொல்லச் சொல்வார். பழைய மாதிரிக் கோபமும் பகிடியும் இல்லை. நேரில் பார்த்ததால் ஒன்றை இழந்துவிட்டோமோ என்று நினைத்தேன். கிழவா என்று கூப்பிடலாம் என்று நான் சொன்னது வாய்ச்சொல்லாகவே போயிற்று.

பிறகு அவருடைய மனைவி காலமானார். அன்று வந்த ஈமெயில் ஏழு பக்கம். இல்லத்தில் கடைசி நாட்கள், மனைவியின் கை எவ்வளவு சின்னதாகிப் போயிருந்தது, சவப்பெட்டி செய்பவரோடு தான் சண்டை பிடித்தது, சண்டை பிடித்ததற்காக மகள் தன்னோடு பேசாமல் இருப்பது எல்லாம் எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகள் அப்படியே இருந்தன. தொடக்கத்தில் என் இனிஷியலுக்குப் பதிலாக என் முழுப் பெயர் இருந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. அதை நான் திருத்தவில்லை.

கார் இப்போது கிரீமும் பச்சையுமாக, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. எனக்கு ஒதுக்கிய இடத்தை விட அது நீளம். பின்பக்கம் இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பாளர் குழுவிலிருந்து மூன்று தரம் கடிதம் வந்துவிட்டது. குழுவின் தலைவர் ஒருதரம் நேரிலும் வந்தார். அவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு காலி வீதியால் தெஹிவளைவரை போய் வந்தேன். நாலாவது கடிதம் இன்னும் வரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு கொட்டாஞ்சேனைக்கு எடுத்துப் போவேன். பாஸ் எண்ணெய் பார்ப்பார், பிரேக்கைத் தானே ஒருதரம் மிதித்துப் பார்ப்பார்.

நியூசிலாந்துக்காரர் தன் காரை விற்றுவிட்டார். கண் பார்வை குறைந்து லைசென்ஸ் போய்விட்டது. நாங்கள் இப்போது எழுதுவதை விட்டு, ஞாயிறு காலையில் தொலைபேசியில் கதைக்கிறோம். அங்கே அப்போது மத்தியானம் கழிந்திருக்கும். போன கிழமை முழங்காலைப் பற்றிக் கதைத்தோம். அவருக்கு ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டுமாம். எந்த முழங்கால் என்று கேட்டேன்.

"வலது" என்றார். "பிரேக் மிதித்த கால்."

"எனக்கும் அதுதான் நோகுது" என்றேன்.

தேங்காய் எண்ணெய் பூசிப் பார்க்கும்படி சொன்னேன். அங்கே அது மருந்துக்கடையில் சின்னப் போத்தலில்தான் கிடைக்கும் என்றார். இந்தக் கிழமை ஒரு போத்தல் அனுப்ப வேண்டும்.